கீழே சொட்டு இல்லை, பாட்டிலில் தண்ணீரும் இல்லை

மூன்று வாரமாக நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பேன், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பாட்டிலில் அளவு கீழ்க்கோட்டுக்கு வந்திருக்கும், கேபினில் கிடக்கும் இரண்டு லிட்டர் வாட்டர் பாட்டிலை எடுத்து ஊற்றுவேன், மூடுவேன், கிளம்பிவிடுவேன். வண்டிக்கும் தாகம் எடுக்கும்தானே என்கிற நினைப்பு. ஒரு மூடிய அமைப்பில் தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கேயோ வெளியே போகிறது என்று அர்த்தம், வேறு அர்த்தமே கிடையாது. இது தெரியாமல் இல்லை. லோடு இருந்தது, நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வண்டி 2018 மாடல் டீசல் பிக்கப். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இது எந்த வண்டியிலும் வரக்கூடியது. ஒட்டன்சத்திரத்திலிருந்து மளிகை, உரம், சில நாள் சிமென்ட் ஏற்றிக்கொண்டு பழனி வழியாகக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போவேன். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தில் இறக்கிவிட்டு கேரட், உருளை, பூண்டு ஏற்றிக்கொண்டு திரும்புவேன் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான், கேபின் மணம் வாரம் முழுக்கப் போகாது). பழனி மலைப்பாதை மட்டும் 60 கிலோமீட்டருக்கு மேல், பாதிக்கு மேல் இரண்டாவது மூன்றாவது கியர். என்ஜின் கூலிங்கில் ஏதாவது குறை இருந்தால் அந்தப் பாதை மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டியும் கொடுத்தது. சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது. வழக்கமாக அது பாதிக்குக் கொஞ்சம் கீழே ஒட்டினாற்போல நிற்கும், லோடு இருந்தாலும் அசையாது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டேன். முள் சிவப்புக்குப் போகவில்லை, பாட்டிலிலும் கொஞ்சம் இருந்தது, அந்தத் தைரியத்தில்தான். சிவப்பைத் தொட்டிருந்தால் உடனே அணைத்திருப்பேன். கூட வந்த மச்சான் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து ரேடியேட்டர் மூடி மேல் கை வைத்துவிட்டான். "டேய், மூஞ்சி வெந்துரும்டா!" என்று நான் கத்திய கத்தலில் மேலே மரத்திலிருந்த குரங்குகூட இறங்கி ஓடியது.

அந்த மூடி ஒரு சாதாரண மூடி இல்லை. எங்கள் வண்டி மூடியின் தலையில் 0.9 என்று அடித்திருக்கும். உள்ளே 0.9 பார் அழுத்தம் சேரும்வரை அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று பொருள். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும், குக்கர் கதைதான். சமவெளியில் வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இந்த மூடி போட்டால் ஏறக்குறைய 118 வரை தாங்கும். ஆனால் கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மேலே பருப்பு வேக நேரமாவது அதனால்தான். என்ஜினோ 90 டிகிரியை ஒட்டித்தான் வேலை செய்கிறது. ஆக, அழுத்தம் பிடிக்காத வண்டி கீழே பழனியில் ஒரு குறையும் தெரியாமல் ஓடும், மேலே ஏற ஏறக் கொதிக்கும். இதை எனக்கு யாரும் முன்னாடி சொல்லித் தரவில்லை, நடுரோட்டில் நின்று யோசித்தபோதுதான் உறைத்தது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் உள்ளே 110-ல் அமைதியாக இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது தொளதொளவென்று ஆன பிறகுதான் திறந்தேன். ஊற்றியதில் ஒண்ணேகால் லிட்டர் உள்ளே இறங்கியது.

லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு பட்டறையில் காட்டினேன். பெயர் வேண்டாம். கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார், எழுந்தார், கையைத் துடைத்தார். "வெளிய ஒழுகல் எதுவும் இல்லீங்க. அப்ப உள்ளதான் குடிக்குது. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு." எவ்வளவு ஆகும் என்றேன். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, கேஸ்கெட், போல்ட், ஆயில் எல்லாம் சேர்த்து 38,000. நாலு நாள் வண்டி நிற்கும்.

அவர் சொன்னது நடக்காத விஷயம் இல்லை. ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் கூலன்ட் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிப் புகைக்குழாய் வழியாகப் போய்விடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் வெளியே தெரியவில்லை என்பது மட்டுமே அதற்கு ஆதாரம் ஆகாது. அவர் ஐந்து நிமிடம் பார்த்தார், அதுவும் மலையிலிருந்து இறங்கி வந்த சூடான வண்டியில். சூடான இரும்பு மேல் விழும் சொட்டு கீழே வந்து சேருமா? தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி அங்கேயே போய்விடும்.

வீட்டுக்கு வந்து நானே பார்க்க ஆரம்பித்தேன். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் கறுப்பாக, டீசல் வண்டி ஆயில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது, தண்ணீர் கலந்தால் வரும் பால் காபி நிறம் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் வெண்ணெய் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மறுநாள் காலை, ராத்திரி முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் நேராகத் தண்ணீருக்குள் வரும், தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லு மாதிரி விறைத்துக்கொள்ளும். இதில் மெத்தென்று இருந்தது. ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் போடாமல் ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிடம் முறைத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் ரெண்டு மூணு குமிழி வந்தது, அது உள்ளே சிக்கிய காற்று. அப்புறம் ஒன்றும் இல்லை. தொடர்ந்து சோடா மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். வெள்ளைப் புகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: மேல்மலையில் விடியற்காலை குளிரில் எல்லா வண்டிக்கும் வெள்ளையாகத்தான் ஆவி வரும், அதைப் பார்த்து யாரும் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். சூடேறிய பிறகும் கட்டியாக, இனிப்பு வாசனையோடு வந்தால்தான் சந்தேகம்.

இத்தனையும் சரியாக இருந்ததால் கேஸ்கெட் இல்லை என்று முடிவு கட்டிவிடவில்லை. ஒரு வாரம் அளந்து பார்ப்போம் என்று நினைத்தேன். பாட்டிலின் பக்கவாட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன், அதன் மேல் விளிம்பு வரை தண்ணீர். தினமும் காலை ஆறு மணிக்கு, வண்டி ஆறி, ஒரே இடத்தில் சமமாக நிற்கும்போது மட்டும் பார்ப்பது, குறைந்ததை அளவுக் குவளையில் ஊற்றி நோட்டில் எழுதுவது. சூடாக இருக்கும்போது பார்த்தால் விரிந்த தண்ணீர் பாட்டிலில் ஏறி நிற்கும், அளவு பொய் சொல்லும். எட்டு நாளில் 650 மில்லி. லோக்கல் ஓட்டத்தில் கொஞ்சம், மலை ஏறிய நாட்களில் நிறைய.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். எங்கள் வண்டியில் ஏசி கிடையாது, அது ஒரு வசதி, கீழே எது சொட்டினாலும் ஏசி தண்ணீர் என்று சமாதானம் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் அட்டையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈரம். விரலில் தொட்டால் வழுவழுவென்று, லேசான இனிப்பு வாசனை. கூலன்ட்தான், வெறும் தண்ணீர் இப்படி வழுக்காது. (வாசனை பார்த்தால் போதும், நாக்கில் வைக்க வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அந்த இனிப்புக்காகவே நாய் நக்கிவிட்டுச் செத்துப்போகும். எங்கள் தெரு நாய் வண்டிக்கு அடியில்தான் தூங்கும், அன்றிலிருந்து அதை அங்கே விடுவதில்லை.)

ஆனால் அந்த ஈரம் இருந்த இடம்தான் குழப்பியது. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, ஹோஸ் எல்லாம் முன்னால் இருக்கிறது, ஈரமோ என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. அங்கே கூலன்ட் ஒழுக என்ன இருக்கிறது? என்ஜின் பின்பக்கம் காசு மாதிரி வட்டமாக அடித்திருக்கும் தகட்டு மூடி துருப்பிடித்து ஓட்டை ஆகியிருக்குமோ, அப்படியானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நடுவில் சித்தப்பா வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுப்பா, தானா அடைச்சிக்கும்" என்றார். பழைய செம்பு ரேடியேட்டரில் ஊசித்துளை ஓட்டையை மஞ்சள்தூள் அடைத்துக்கொண்டு ஊர் வரை கொண்டு வந்து சேர்த்த கதைகள் நிறைய உண்டு, அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஓட்டை எது, வழி எது என்று பார்த்து அடைக்காது. இப்போதைய அலுமினிய ரேடியேட்டரில் குழாய்கள் சின்னச் சின்னது, அதில் மஞ்சள் குழம்பு வைத்தால் என்ன ஆகும்? சித்தப்பா முகம் வாடக்கூடாது என்று "சரிங்க சித்தப்பா" என்று சொல்லிவைத்தேன், போடவில்லை.

பழனி பைபாஸ் பக்கம் ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார், தகரக் கூரை, வாசலில் நாலு பழைய ரேடியேட்டர், அவ்வளவுதான் கடை. முதலில் மூடியைத்தான் கையில் வாங்கினார். ரப்பரை நகத்தால் மடித்துக் காட்டினார், ஓரத்தில் பொடிப்பொடியாக வெடிப்பு. "இது எத்தனை வருஷம் தம்பி?" வண்டி வாங்கினதிலிருந்து அதேதான் என்றேன். சிரித்தார். அவர் டெஸ்டரில் மாட்டி அடித்தபோது 0.9 பிடிக்க வேண்டிய மூடி 0.5-லேயே விட்டுவிட்டது. அந்த மூடியில் இரண்டு வேலை இருக்கிறது: சூட்டில் அழுத்தத்தைப் பிடித்து மிச்சத்தைப் பாட்டிலுக்கு விடுவது ஒன்று, ஆறும்போது பாட்டிலிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது கெட்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும், பாட்டிலை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்துபோவான்.

புது மூடி 280 ரூபாய். மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓடிவிட்டு வரச் சொன்னார். இன்னும் இரண்டு வேலை சேர்த்துச் சொல்லிக் காசு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அந்த வாரம் குறைந்தது 300 மில்லி. பாதி நோய் மூடியில் இருந்திருக்கிறது. மீதி?

திரும்பப் போனேன். ரேடியேட்டர் வாயில் கை பம்பை மாட்டி 0.9 வரை அடித்தார். வண்டி ஆறியிருந்தது. இருபது நிமிடம், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் அசையவே இல்லை. எனக்கு மறுபடி கேஸ்கெட் பயம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நிக்கிற வண்டி ஒழுகாது தம்பி. ஓடுற வண்டிதான ஒழுகுது?"

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ஜின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். கடைக்குள் போய் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். பஞ்சில் தொட்டு வாட்டர் பம்ப் பக்கம், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) மூடி, ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்று, பிளாக்கின் பக்கம் எல்லாம் தட்டிவிட்டார். கிரீஸ் படிந்த என்ஜின் சடங்குக்கு நிற்கிற மாதிரி வெள்ளை வெளேரென்று மல்லிகை வாசனையோடு நின்றது. ஸ்டார்ட் செய்து, பம்பை மாட்டியபடியே கொஞ்சம் ரேஸ் கொடுத்தார். சூடாகும்போது அழுத்தம் தானாக ஏறும், அதனால் முள் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, 0.9-ஐத் தாண்டவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார். பழகாதவர்கள் இதைச் செய்யக்கூடாது. ஃபேன் சுற்றுகிறது, கை உள்ளே போகக்கூடாது. பத்து நிமிடம் கழித்து அணைத்தார்.

வெள்ளையில் ஒரு கோடு. வாட்டர் பம்ப், அவர் பாஷையில் வாட்டர் பாடி, அதன் புல்லிக்குப் பின்னால் கழுத்தின் அடியில் கிளம்பி, நேராகக் கீழே வராமல், சாய்வாகப் பின்பக்கமாக ஓடி, பிளாக்கின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் முடிந்தது. ஃபேன் காற்று! சொட்டு விழுவதற்கு முன்பே காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் வழியிலேயே சூட்டில் காய்ந்துவிடுகிறது, ராத்திரி ஆறிய பிறகு மிச்சம் மட்டும் கடைசி முனையில் ஒரு சொட்டாகத் தொங்கி விழுகிறது. நான் என்ஜினின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நோய் மூக்கில் இருந்தது.

சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைக் கம்பியில் கட்டிப் புல்லிக்குப் பின்னால் நீட்டி டார்ச் அடித்துக் காட்டினார். பம்பின் கழுத்தடியில் ஒரு சின்னத் துளை, பட்டாணி அளவுகூட இல்லை, அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளை விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, நடுங்கியது. ஃபேன் நின்றிருந்ததால் அது மட்டும் நேராகக் கீழே விழுந்தது.

அந்தத் துளை ஓட்டை இல்லை, கம்பெனியே வைப்பது. பம்பின் உள்ளே ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங், நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று நடுவில் வைத்த வடிகால். அது அழுதால் பம்ப் சாகப்போகிறது என்று தகவல். சிலர் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்களாம், ஒழுகல் நின்றுவிட்டது என்று சந்தோஷமாகப் போவார்களாம், ரெண்டு மாதத்தில் பேரிங் துருப்பிடித்துப் பொடியாகி ஃபேன் போய் ரேடியேட்டரை அறுத்துக்கொண்டு வந்து நிற்பார்களாம். ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். ஆடியது. ஆடவே கூடாது. அசையாமல் நிற்கும்போது சீல் இருபது நிமிடம் அழுத்தம் தாங்கியதும், தண்டு சுற்றும்போது மட்டும் விட்டதும் ஏன் என்று அந்த ஆட்டத்தில் புரிந்துபோனது.

மாற்றுவது ஒரு நாள் வேலை. பம்ப், அதன் கேஸ்கெட், பெல்ட், எப்படியும் கழற்றியாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட், கீழ் ஹோஸ் கிளாம்ப் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 6,400. பழைய தண்ணீரைத் திறந்துவிட்டபோது வந்தது செம்மண் குட்டைத் தண்ணீர் மாதிரி. நான் ஊற்றிய தண்ணீர்தான் அது. எங்கள் ஊர் போர் தண்ணீர் குடத்தில் வைத்தாலே வெள்ளை வளையம் கட்டும், அதை என்ஜினுக்குள் ஊற்றிக் கொதிக்கவைத்தால் கட்டாமல் என்ன செய்யும்? அந்த உப்புத் தூள் சீலை அரத்தால் அராவுகிற மாதிரி அராவும் என்றார். சீலைக் கொன்றதில் எனக்கும் பங்கு இருக்கிறது, ஒழுகலுக்கு ஊற்றிய மருந்தே ஒழுகலைப் பெரிதாக்கியிருக்கிறது. மூன்று முறை சுத்தத் தண்ணீர் விட்டு அலசி, கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி கலந்து ஊற்றினார். பாதிக்குப் பாதி கலந்தால் மூடி இல்லாமலே கொதிநிலை 107 பக்கம் போகும், துருவும் பிடிக்காது. மூடியைத் திறந்து வைத்தபடி என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே சிக்கிய காற்று குபுக் குபுக்கென்று வெளியே வரும்வரை நிரப்பிக்கொண்டே இருந்தார். இந்தக் காற்றை எடுக்காமல் விட்டால் புது பம்ப் போட்ட வண்டியும் மலையில் முள் ஏறி நிற்கும்.

பழைய பம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஷெல்ஃபில் இருக்கிறது, தண்டைச் சுற்றினால் கரகரவென்று ஒரு சத்தம், மச்சான் வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுகிறான்.

இரண்டு மாதம் ஆகிறது. பதினாறு தடவை மலை ஏறி இறங்கியாகிவிட்டது, நேற்று காலையும் தண்ணீர் கறுப்பு டேப்பின் மேல் விளிம்பில்தான் நின்றது. அந்த 38,000 பட்டறைக்காரர் போன வாரம் போன் செய்தார். "கேஸ்கெட் வேலை எப்ப வெச்சுக்கலாங்க? அப்படியே ஓட்டாதீங்க, பிளாக் போயிரும்." பெருமாள்மலை ஏற்றத்தில் இருந்தேன், முப்பது மூட்டை உரம், முள் பாதிக்குக் கீழே. "சிக்னல் கட்டாகுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.